காண்பதும் கலைப்பணியே

(ஆலய நவராத்திரி விழாவின் ஏழாம் நாள் கலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'விழாவும் கலையும்' என்னும் பொருளில் சில நிமிடங்கள் உரையாற்றுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் கலைஞன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, பின்னர் இடைநிலைப்பள்ளியில் தேசிய மொழியில் கற்று, இன்று அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆகவே தாளத்தையும் அபிநயத்தையும் பற்றிப் பேசும் பொறுப்பை அவற்றைக் கற்றோரிடமே விட்டுவிடுகிறேன். ஆனால், என் அலுவலக வாழ்க்கை எனக்குக் கற்பித்த நடைமுறை ஒன்று உண்டு. அதனைக் கொண்டே இப்பொருளை அணுக விரும்புகிறேன்.

ஓர் அதிகாரி வெளியூர் சென்று ஒரு பணியிடத்தையோ திட்டத்தையோ பார்வையிட்டு வந்தால், அவர் அறிக்கை எழுதித் தர வேண்டும். அங்கே என்ன கண்டார்? கண்டவற்றுள் நம் பணிக்கு எதனைக் கொள்ளலாம்? எது நமக்குப் பொருந்தாது? இம்மூன்று வினாக்களுக்கும் அவ்வறிக்கையில் விடை இருக்க வேண்டும். விடையில்லையெனில் அப்பயணம் வெறும் உலாவாகவே கருதப்படும்.

நம் கலைஞர்கள் ஆண்டுதோறும் எத்தனையோ விழாக்களுக்குச் செல்கிறார்கள். தங்கள் நிகழ்ச்சியைச் சிறப்பாக அளிக்கிறார்கள். மாலை மரியாதை பெறுகிறார்கள். ஒப்பனையைக் கலைத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அவ்விழாவில் பிறர் அளித்த நிகழ்ச்சிகளை அவர்கள் கண்டார்களா? கண்டிருந்தால் எதனை எடுத்துச் சென்றார்கள்? இவ்வினாவை அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. ஒரு கலைஞன் விழாவிற்குப் பார்வையாளனாகவும் வரவேண்டும் என்பதும், காண்பது அவனுக்கு ஓய்வன்று, உழைப்பே என்பதும்தான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

இது நம் மரபுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் உள்ளன. பொருநனும் பாணனும் கூத்தனும் தம்மைப் போன்ற மற்றொரு கலைஞனுக்கு வழிகாட்டுவதே அவற்றின் அமைப்பு. அவற்றுள் பொருநராற்றுப்படை, ஓர் ஊரில் விழா முடிந்த மறுநாள் அங்கிருந்து புறப்பட்டுச் செல்லும் கலைஞனை முன்னிறுத்தியே தொடங்குகிறது. ஊர் ஊராகச் சென்று, கண்டு, கண்டதைத் தன்னைப் போன்றவனுக்குச் சொல்லும் கலைஞர்களை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

பொட்டலத் தாளில் வரைந்த சிற்பி

இனி, விழாவிற்குச் சென்ற ஒரு கலைஞரின் வரலாற்றைக் கூறுகிறேன். அவர் தமிழரல்லர், இந்து சமயத்தவரும் அல்லர். ஆயினும் அவருடைய வழி இறுதியில் நம் தில்லைக் கூத்தனின் திருவுருவம் வரை வந்து சேர்கிறது. அதனாலேயே இந்த மேடையில் அவரைப் பற்றிப் பேசுவது பொருத்தமெனக் கருதினேன்.

அவர் பிரான்சு நாட்டுச் சிற்பி ஒகுஸ்து ரோடின். 1840ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தவர். மோவாயைக் கையில் ஊன்றி அமர்ந்திருக்கும் 'சிந்தனையாளன்' சிலையின் படத்தை நம்முள் பலர் பாடநூல்களில் கண்டிருப்போம். அது அவர் படைத்தது. 1906ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அச்சிலை பாரிஸ் நகரின் பாந்தியோன் மண்டபத்தின் முன் நிறுவப்பட்டது. அப்போது அவருக்கு வயது 65. புகழின் உச்சியில் இருந்தார். இனிக் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் எண்ணியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அவ்வாண்டு பிரான்சின் தென்கரையில் உள்ள மார்சேய் துறைமுக நகரில் குடியேற்ற நாடுகளின் பெருங்கண்காட்சி ஒன்று நடைபெற்றது. கம்போடியா அப்போது பிரான்சின் பாதுகாப்பில் இருந்த நாடு. அதன் மன்னர் சீசோவாத் தம் அரண்மனை நடனக் குழுவினருடன் பிரான்சுக்கு வருகை புரிந்தார். ஜூலை 10ஆம் நாள் பாரிஸ் நகரின் புலோஞ் பூங்காவில் இருந்த திறந்தவெளி அரங்கில் அந்நடனமணிகள் ஆடினர். பார்வையாளர்களுள் ஒருவராக ரோடின் அமர்ந்திருந்தார்.

அன்றிரவு கைதட்டிவிட்டு வீடு திரும்பியிருந்தால், இன்று அவரைப் பற்றி நாம் பேச வேண்டியதில்லை. அவர் நடனமணிகள் தங்கியிருந்த இடத்திற்கே சென்று வரையத் தொடங்கினார். அவர்கள் மார்சேய்க்குப் புறப்பட்டபோது தாமும் பின்தொடர்ந்தார். பாரிசிலிருந்து மார்சேய் 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் செல்வதைப்போல இருமடங்கு என்று கொள்ளலாம். 65 வயதில், அக்காலத்து இரயிலில், அழைப்பேதும் இன்றி அவ்வளவு தொலைவு சென்றார். சென்ற அவசரத்தில் போதிய வரைதாள் எடுத்துச் செல்லவில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் தாளை வாங்கி அதன்மீதே வரைந்தார் என்பது அவருடைய வரலாற்றில் பதிவாகியுள்ளது.

ஜூலை 20ஆம் நாள் நடனமணிகள் கப்பலேறித் தாயகம் திரும்பினர். சில நாள்களே அவருக்குக் கிடைத்தன. அந்தச் சில நாள்களில் அவர் வரைந்த ஓவியங்கள் ஏறத்தாழ 150. என் அலுவலக மொழியில் கூறினால், இதுவே அவர் அளித்த பயண அறிக்கை.

அவர் கண்ட முறை

எவ்வளவு வரைந்தார் என்பதைவிட எவ்வாறு கண்டார் என்பதே நம் இளம் கலைஞர்களுக்கு மிகுதியும் பயன்படும்.

ரோடின் வரையும்போது தாளைப் பார்ப்பதில்லை. கண்கள் ஆடுபவர்மீதே நிலைத்திருக்க, கை தானாகத் தாளின்மீது ஓடும். கோடு தவறினால் அதனை அழிக்கமாட்டார். அதன்மேலேயே மற்றொரு கோடு போடுவார். பின்னரே வண்ணம் தீட்டுவார். ஒரு கணம் கண் தாளுக்குத் திரும்பினால் அந்தக் கணத்தில் நிகழ்ந்த அசைவு தப்பிவிடும் என்பதே அம்முறையின் அடிப்படை.

இதனை இன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேடையில் நிகழ்ச்சி தொடங்கியவுடன் நாம் கைப்பேசியை உயர்த்துகிறோம். நம் கண் கைப்பேசியின் சிறு திரைமீதே நிற்கிறது. ஆடுபவர் அத்திரைக்கு அப்பால் எங்கோ இருக்கிறார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சேமித்து வைக்கிறோம். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதேயில்லை. கைப்பேசியில் பதிவு செய்வதை நான் இழிவாகக் கூறவில்லை. அது பயனுள்ள கருவியே. ஆனால் பதிவு செய்தது கருவி. நாம் கண்டோமா என்பது வேறு வினா.

ரோடின் எல்லாவற்றையும் வரைய முற்படவில்லை என்பதும் கருதத்தக்கது. மேடையமைப்பு, கூட்டம், மன்னரின் பரிவாரம் இவற்றையெல்லாம் அவர் விட்டுவிட்டார். பல ஓவியங்களில் முகங்கூடச் சில கோடுகளாகவே உள்ளது. அவருடைய நாட்டம் முழுவதும் கைகளிலும் தோள்களிலும் நின்றது. கம்போடிய நடனமணிகள் சிறுவயது முதலே விரல்களைப் பின்னோக்கி வளைக்கப் பயிற்சி பெறுபவர்கள். விரல் நுனியில் தொடங்கும் ஓர் அலை மணிக்கட்டு, முழங்கை, தோள் எனச் சென்று மறுகையின் விரல் நுனியில் முடிவதை அவர் தொடர்ந்து வரைந்தார். ஒரு விழாவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதனை முழுமையாகக் காண்பது என்னும் ஒழுங்கு இது.

அக்கைகளின் பொருள் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அரண்மனை நடனத்தின் கதைகளுள் இராமகாதையும் ஒன்று. கம்போடியர் அதனை 'இரேயம்கேர்' என்பர். எந்த முத்திரை மலரைக் குறிக்கும், எது துயரைக் குறிக்கும் என்பதை அவர் கற்றவரல்லர். அவர் கண்டது வடிவத்தை. பொருளையும் அறிந்து காணும் வாய்ப்புப் பெற்ற நாம் அவரைவிட மிகுதியாகக் காண இயலும். காண்கிறோமா என்பதுதான் கேள்வி.

கொண்டதும் கொடுத்ததும்

பிறர் கலையைக் கண்டால் அதன் சாயல் நம்மீது படிந்து நம் தனித்தன்மை கெட்டுவிடும் என்று சில ஆசிரியர்கள் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு காணொளியைப் பார்த்து அடியொற்றி ஆடுவதையே புதுமை என்று கருதும் போக்கு இன்று பெருகியுள்ளது. ஆனால் அது குறைவாகக் கண்டதன் விளைவேயன்றி, மிகுதியாகக் கண்டதன் விளைவன்று.

ரோடின் அந்த ஓவியங்களைப் பார்த்துக் கம்போடிய நடனமணிகளின் சிலைகளை வார்த்து விற்கவில்லை. அசைவைப் பற்றிய அவருடைய ஆய்வு தொடர்ந்தது. அதே ஆண்டு மார்சேயில் ஹனாகோ என்னும் சப்பானிய நடிகையின் நடிப்பையும் கண்டு, பின்னர் அவருடைய முகத்தை மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் படைத்தார். 1911ஆம் ஆண்டளவில், கைக்கு அடக்கமான நடன அசைவுச் சிற்பங்களைக் களிமண்ணில் உருவாக்கினார். அவற்றுக்கு முன்மாதிரியாக நின்றவர் கம்போடியர் அல்லர். உடல்வித்தை கற்ற ஐரோப்பிய நடனப் பெண். அச்சிற்பங்களை அவர் தம் வாழ்நாளில் காட்சிக்கு வைக்கவில்லை. கண்டது ஓரிடத்தில், விளைந்தது வேறிடத்தில், வேறு வடிவில்.

அதற்கடுத்த நிகழ்ச்சிதான் நமக்கு மிக நெருக்கமானது. சென்னை அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனி உள்ளது. ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகப் போற்றப்படுவதும், காரைக்கால் அம்மையாரின் வரலாற்றோடு இணைந்ததுமான திருவாலங்காட்டிற்கு உரிய திருமேனி அது. சோழர் கால வார்ப்புக் கலையின் சிகரங்களுள் ஒன்று. அதன் நிழற்படங்களை, ரஷ்யாவில் பிறந்த கலை ஆய்வாளர் விக்டர் கொலூபெவ் ரோடினிடம் அளித்தார். இந்தியாவிற்கே வந்திராத ரோடின், அந்நிழற்படங்களை மட்டும் கண்டு 1913ஆம் ஆண்டளவில் 'சிவ நடனம்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முன்புறத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், கைகள், கால்கள் எனப் பகுதி பகுதியாக நின்று கண்டு வியந்து எழுதிய கட்டுரை அது. 1917இல் அவர் மறைந்தார். 1921இல் வெளிவந்த ஒரு கலை நூல்வரிசையில், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் எழுத்தோடு அக்கட்டுரையும் இடம்பெற்றது.

ஒரு நிழற்படத்தில் அசைவற்று நிற்கும் செம்பில் ஆட்டத்தைக் காண அவருக்கு எவ்வாறு இயன்றது? என் சிற்றறிவுக்குத் தோன்றும் விடை இதுதான்: பல ஆண்டுகளாக ஆடுவோரைக் கண்டு கண்டு பழகிய கண் அது. மார்சேயில் பொட்டலத் தாளில் ஓடிய கைக்கு, திருவாலங்காட்டுத் திருமேனியின் வீசிய கரம் அந்நியமாகத் தோன்றியிருக்க வழியில்லை.

காணப்பட்டவர்களின் கதை

அந்நடனமணிகளைப் பற்றியும் நாம் கேட்க வேண்டும். அந்தக் கண்காட்சி, ஒரு பேரரசு தன் ஆட்சிக்குட்பட்ட மக்களைக் காட்சிப் பொருளாக வைத்த விழா. திரண்டு வந்தவர்களுள் பலர் வேடிக்கை பார்க்கவே வந்தனர். ஆதிக்க நாட்டின் குடிமகனாகிய ரோடினும் அதே நுழைவாயில் வழியாகத்தான் அவர்களிடம் சென்றார். எனினும், ஒரு மாணவனைப் போல் அவர்கள்முன் அமர்ந்தார். வேடிக்கை பார்ப்பதற்கும் கற்பதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

1953இல் கம்போடியா விடுதலை பெற்றது. அந்த அரண்மனை நடனம் நம் பகுதிக்கும் வந்துள்ளது. 1963 ஆகஸ்ட்டில் சிங்கப்பூர் தேசிய அரங்கில் நடைபெற்ற தென்கிழக்காசியப் பண்பாட்டு விழாவில் கம்போடிய அரச குழுவினர் ஆடினர். பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் படையினர் ஆட்சியைப் பிடித்தனர். 1979 ஜனவரி வரை நீடித்த அக்கொடுங்காலத்தில் அரண்மனை நடன ஆசிரியர்களிலும் ஆடுநர்களிலும் பெரும்பாலோர் மாண்டனர். தலைமுறை தலைமுறையாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு வந்த கலை ஏறத்தாழ அறுந்துபோனது. எஞ்சிய சிலர் அகதி முகாம்களிலும் தலைநகரிலும் ஒன்றுகூடி, தங்கள் உடல் நினைவில் வைத்திருந்தவற்றைக் கொண்டே சிறுமியர்க்கு மீண்டும் கற்பித்தனர். 2003இல் ஐக்கிய நாட்டுக் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் அந்நடனத்தை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது.

ரோடின் ஓவியங்களின் நூற்றாண்டான 2006இல் பாரிசில் உள்ள ரோடின் அருங்காட்சியகத்தில் அவற்றின் கண்காட்சி நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து அவற்றுள் ஒரு பகுதி பினோம்பென் தேசிய அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரு வெளிநாட்டுக் கலைஞர் தம் ஊக்கத்திற்காக வரைந்த கோடுகள், நூறாண்டுகளுக்குப் பின், தம் மூதாட்டிமார் கையை எவ்வாறு வளைத்தனர் என்பதற்குச் சான்றாக அம்மக்களிடமே திரும்பி வந்தன. உற்றுக் காண்பவன் தனக்காக மட்டும் காண்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு கூறுவது?

விதை முளைக்கும் காலம்

விழாவில் கண்டது உடனே பயன் தரவேண்டும் என்று எண்ணவும் கூடாது. 1889இல் பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், ஜாவானியக் கிராமம்போல் அமைக்கப்பட்ட பகுதியில் கெமலான் இசை ஒலித்தது. குளோத் டெபுஸ்ஸி என்னும் 26 வயது இளைஞர் அதனைக் கேட்டார். அதன் தாக்கம் வெளிப்படையாகத் தெரியும் 'பகோடாக்கள்' என்னும் பியானோ இசைப்படைப்பு 1903இல்தான் வந்தது. இடையில் பதினான்கு ஆண்டுகள்! அதிலும் அவர் கெமலான் மெட்டு எதனையும் பெயர்த்து வைக்கவில்லை. ஐந்து சுரங்களின் ஒழுங்கையும், வெவ்வேறு வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் ஒலியடுக்கையும் தம் கருவிக்கு ஏற்பத் தாமே கண்டறிந்தார். பகாங், திரங்கானு அரண்மனைகளில் வளர்ந்த கெமலான் நமக்குப் பக்கத்து வீட்டு இசை. நம் வயலின் மாணவர்களுள் எத்தனை பேர் அதனை ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்டிருப்பர்?

சில வேளைகளில் ஒரே நிகழ்ச்சி ஒருவரின் வாழ்வையே திருப்பிவிடும். 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் மரபில் பயின்ற சகோதரியர் இருவர் சதிர் ஆடினர். அக்காலத்தில் அந்த ஆட்டத்தைக் காணச் செல்வதே இழுக்கு என்று கருதியோர் பலர். கண்டவர்களுள் ஒருவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி. முப்பதை நெருங்கும் வயதில், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவியாக அமர்ந்தார். 1935இல் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திரா தோன்றியது. இன்று நம் தாமான்களில் சலங்கை கட்டும் சிறுமியர்க்கு இக்கலை வந்து சேர்ந்த வழிகளுள் அதுவும் ஒன்று. ஆனால், கண்டவரை நினைக்கும் நாம் அன்று ஆடிக் காட்டிய மரபினரையும் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். காலப்போக்கில் மேடை பிறர் கைக்குச் சென்றது; அக்குடும்பங்களுள் பலவற்றுக்கு உரிய சிறப்பு கிட்டவில்லை. பெற்றுக்கொண்டவர்கள் பெற்ற இடத்தைச் சொல்வதும் அந்த அறிக்கையின் ஒரு பகுதியே.

நம் முற்றம்

இனி நம் முற்றத்திற்கு வருவோம். நம் நாட்டுத் தோட்டங்களில் காமன் கூத்து நடந்தது. உறுமியும் தப்பும் முழங்கின. இரவெல்லாம் கதைப்பாட்டு ஒலித்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, நம் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது, அக்கலைகளை அறிந்த பெரியவர்களும் தாமான் வீடுகளுக்குள் அடங்கிப்போயினர். கம்போடியாவில் கலையை அழிக்க ஒரு கொடுங்கோலாட்சி வேண்டியிருந்தது. இங்கே அப்படியேதும் தேவைப்படவில்லை. யாரும் உட்கார்ந்து பார்க்காமல் இருந்தாலே போதும்.

சில விழாக்களில் நான் கண்ட காட்சி ஒன்றைக் கூறுகிறேன். பிள்ளைகளின் நடனங்கள் முதலில் முடிந்துவிடும். பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவர். இறுதியில், எழுபதைக் கடந்த ஒரு பெரியவர் உடுக்கையை எடுத்துக்கொண்டு மேடையேறுவார். எதிரே நாற்காலிகள் காலியாக இருக்கும். நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக அவர் கையில் இருந்த தாளக்கட்டு, அடுத்த தலைமுறைக் கலைஞர் ஒருவர்கூடக் கேளாத நிலையில் ஒலித்து ஓய்ந்துவிடும். இதில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை. மறுநாள் பள்ளி இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தூக்கம் வருகிறது. ஆயினும் இழப்பு இழப்பே.

நமக்கு அயலில் உள்ள கலைகளையும் எண்ணிப் பாருங்கள். கிளந்தான் நிழற்கூத்தில் இராமகாதை நடக்கிறது. திரைக்குப் பின் அமர்ந்த ஒரே கலைஞர் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்துப் பாவைகளையும் ஆட்டுகிறார். நம் கூத்துக் கலைஞர்கள் அதனைக் கண்டால் எத்தனை எண்ணங்கள் பிறக்கும்! சிங்கப்பூரில் சாந்தா பாஸ்கர் அவர்கள், சீனர் போற்றும் வண்ணத்துப்பூச்சிக் காதலர் கதையை 1958லேயே பரதநாட்டிய நாடகமாக அமைத்தார். அயலவர் கலையைக் காணும் கண் அவருக்கு இருந்தது. அதனால் அவருடைய பரதம் குறைந்துவிடவில்லை.

மூன்று வேண்டுகோள்கள்

நிறைவாக மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு ஏதும் இல்லை.

முதலாவது, நிர்வாகக் குழுவினர்க்கு. மேடைக்கு முன்னால் கலைஞர்களுக்கென்று நான்கு பாய்கள் விரித்து வையுங்கள். தம் நிகழ்ச்சி முடிந்தவரும் தம் முறைக்காகக் காத்திருப்பவரும் அங்கே அமர்ந்து மற்றவர்களைக் காணட்டும். வரைய விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் தாளும் எழுதுகோலும் கொடுங்கள். மூத்த கலைஞர்களின் நிகழ்ச்சியைப் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளுக்கு இடையில் அமையுங்கள், கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

இரண்டாவது, கலை ஆசிரியர்களுக்கு. விழா முடிந்த அடுத்த வகுப்பில் ஒவ்வொரு மாணவரிடமும் அந்த மூன்று வினாக்களைக் கேளுங்கள். என்ன கண்டாய்? எதனைக் கொள்ளலாம்? எது நமக்குப் பொருந்தாது? ஒரு பக்கம் எழுதினால் போதும். பத்தாண்டுகளில் அந்தப் பக்கங்கள் நம் கலை வரலாறாக மாறும். கம்போடியர் பெற்ற அந்தச் சான்று நம் பேரப்பிள்ளைகளுக்கும் கிட்டும்.

மூன்றாவது, பெற்றோர்க்கு. உங்கள் பிள்ளையின் நிகழ்ச்சி முடிந்ததும் உடனே புறப்படாதீர்கள். இன்னும் ஒரு நிகழ்ச்சிக்காவது அமர்ந்திருங்கள். உங்கள் பிள்ளை ஆடுவதற்கு எத்தனை மாதம் பயிற்சி பெற்றதோ, அத்தனை மாதம் பயிற்சி பெற்றுத்தான் அடுத்த பிள்ளையும் மேடைக்கு வருகிறது. தாமும் கண்டு, தம் பிள்ளையையும் காணச் செய்யும் பெற்றோரே முதல் கலையாசிரியர்கள்.

கலைமகளுக்கு உரிய இந்த இறுதி மூன்று இரவுகளில் நாம் புத்தகங்களையும் இசைக்கருவிகளையும் வைத்து வணங்குகிறோம். கற்பதற்கு உதவும் கருவிகளுள் முதன்மையானது கண். அதனையும் இவ்விரவுகளில் நன்கு பயன்படுத்துவோம். இன்னும் சிறிது நேரத்தில் நம் பிள்ளைகளின் நடனம் தொடங்கவிருக்கிறது. அதன்பின் நம் மூத்த உறுமிக் கலைஞர்கள் மேடைக்கு வருகிறார்கள். இருந்து காண வேண்டுமென அனைவரையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.